அங்காடிபுரம் அப்பாதுரை

இக்கட்டுரை அரசியல் அறிவியலாளர் அ. அப்பாதுரையைப் பற்றியது. பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரை வேறொருவர்.

அங்காடிபுரம் அப்பாதுரை (பிறப்பு: 1902) இந்திய அரசியல் அறிவியலாளரும் வரலாற்று ஆய்வாளரும் ஆவார். பன்னாட்டு உறவுகளை இந்தியாவில் பட்டமேற்படிப்பு ஆய்வுத் துறையாக நிலைநிறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இடைக்காலத் தென்னிந்தியப் பொருளாதாரத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற இவர், பின்னர் தில்லியில் உலக விவகாரங்களுக்கான இந்தியப் பேரவையின் செயலாளராகவும், 1955 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளியின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார். அப்பள்ளியே இன்று ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுகள் பள்ளியாக உள்ளது.

சென்னையில் ஆசிரியப் பணி

அப்பாதுரை சென்னை இலயோலாக் கல்லூரியில் வரலாறும் அரசியலும் கற்பித்தார். அக்காலத்தில் இந்தியக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் பெரும்பாலும் வரலாற்றுப் பாடத்தின் ஒரு கிளையாகவே இருந்தது. பாடநூல்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றில் கூறப்பட்ட எடுத்துக்காட்டுகளும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சார்ந்தவை. இக்குறையை நீக்கும் நோக்குடன் இவர் எழுதத் தொடங்கினார்.

1919 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சி முறையை அறிமுகப்படுத்தியது. அதன்படி கல்வி, உடல்நலம், உள்ளாட்சி போன்ற துறைகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடமும், நிதி, காவல், நிலவரி போன்றவை ஆளுநரின் நிருவாகக் குழுவினரிடமும் இருந்தன. சென்னை மாகாணத்தில் 1920 ஆம் ஆண்டின் இறுதியில் நீதிக்கட்சி அமைச்சரவை இம்முறையின் கீழ் பொறுப்பேற்றது. இவ்வாட்சி நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதை ஆராய்ந்து அப்பாதுரை எழுதிய நூல் 1937 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மாகாணங்களில் இரட்டையாட்சி முடிவுக்கு வந்து மாகாணத் தன்னாட்சி தொடங்கியது.

1942 ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இவருடைய "அரசியலின் சாரம்" என்னும் நூலை வெளியிட்டது. "சப்சுடன்சு ஆஃப் பாலிடிக்சு" என்ற அதன் ஆங்கிலப் பெயரிலேயே அது மாணவரிடையே அறியப்படுகிறது. அரசு பற்றிய கோட்பாடுகளும் பல நாடுகளின் அரசியலமைப்புகளும் ஒரே நூலில் விளக்கப்பட்டமையால் இந்தியப் பல்கலைக்கழகங்களில் அது பல பத்தாண்டுகள் பாடநூலாக விளங்கியது. பல பதிப்புகளையும் கண்டது.

முனைவர் பட்ட ஆய்வு

அப்பாதுரையின் முனைவர் பட்ட ஆய்வு கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலையைப் பற்றியது. சென்னைப் பல்கலைக்கழக வரலாற்று வரிசையில் 1936 ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக இது வெளியிடப்பட்டது. சிற்றூர் அமைப்பு, நில உரிமை, வேளாண்மை, தொழில்கள், வணிகக் குழுக்கள், உள்நாட்டு வணிகம், கடல் கடந்த வணிகம், வரி ஆகியவை இதில் ஆராயப்பட்டன. கல்வெட்டுகளும் வெளிநாட்டுப் பயணிகளின் குறிப்புகளுமே இத்தகைய ஆய்வின் அடிப்படைச் சான்றுகள் ஆகும்.

அக்காலச் சென்னையில் கல்வெட்டாய்வு வேகமாக வளர்ந்து வந்தது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், சாலவாக்கம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய உத்திரமேரூர் வட்டத்தின் தலைமையிடமான உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இவ்வளர்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இவை, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததையும், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதையும், அவர்களுக்குரிய தகுதிகளையும் தகுதிக்கேடுகளையும் விரிவாகக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்தில் இடம்பெற இயலாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. வெ. வெங்கையா இக்கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையின் 1904-05 ஆம் ஆண்டு அறிக்கையில் ஆராய்ந்து வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரி 1932 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இவற்றை மீண்டும் ஆராய்ந்தார். ஒரே கல்வெட்டைப் பின்வந்தவர் மீண்டும் படித்து முந்தைய வாசிப்பைத் திருத்துவது என்னும் இம்மரபிலேயே அப்பாதுரையின் ஆய்வுப் பயிற்சி அமைந்தது.

இவர் ஆராய்ந்த காலப்பகுதி, தமிழகம் வெளிநாடுகளுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த காலம் ஆகும். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தமையைச் சீன ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. இராசேந்திர சோழனின் கடற்படை 1025 ஆம் ஆண்டளவில் சிறீவிசயத்தைத் தாக்கியது. சுமத்திராவின் பாருசுப் பகுதியில் கிடைத்த 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. தூது, வணிகம், போர் ஆகிய மூன்றும் பன்னாட்டு உறவுகள் துறையின் அடிப்படைப் பொருள்கள். ஆகவே பொருளாதார வரலாற்றிலிருந்து அத்துறைக்குச் சென்றது இவருக்கு முற்றிலும் புதிய பாதையாக இருக்கவில்லை.

உலக விவகாரங்களுக்கான இந்தியப் பேரவை

உலக விவகாரங்களுக்கான இந்தியப் பேரவை 1943 ஆம் ஆண்டில் தில்லியில் நிறுவப்பட்டது. தேச் பகதூர் சாப்ரு அதன் முதல் தலைவர். இருதயநாத் குன்சுரு அதன் வளர்ச்சிக்கு நெடுங்காலம் உழைத்தார். இதற்கு முன்பே, இலண்டனின் சத்தாம் அவுசு நிறுவனத்துடன் இணைந்த ஓர் அமைப்பு 1936 ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் இயங்கி வந்தது. அது பிரித்தானிய அரசின் கண்ணோட்டத்தைச் சார்ந்திருப்பதாகக் கருதியவர்கள், அரசையும் கட்சிகளையும் சாராத இந்திய அமைப்பாக இப்பேரவையை உருவாக்கினர். நாடு விடுதலை அடையும் முன்னரே உலக விவகாரங்களில் இந்தியர் தாமே ஆராய்ந்து தம் கருத்தைக் கூறவேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

அப்பாதுரை 1944 ஆம் ஆண்டில் இதன் செயலாளராகப் பொறுப்பேற்று 1955 ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். 1945 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட "இந்தியா குவார்ட்டர்லி" என்னும் காலாண்டு இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது.

ஆசிய உறவுகள் மாநாடு

1947 மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை தில்லி புராணா கிலாவில் ஆசிய உறவுகள் மாநாடு நடைபெற்றது. இதனைக் கூட்டியது அரசு அன்று, உலக விவகாரங்களுக்கான இந்தியப் பேரவையே ஆகும். 28 நாடுகளைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட பேராளர்கள் பங்கேற்றனர். சரோசினி நாயுடு தலைமை வகித்தார். இலங்கைக் குழுவுக்கு எசு. டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தலைமை தாங்கினார். நிறைவுக் கூட்டத்தில் காந்தியடிகள் உரையாற்றினார். பேரவையின் செயலாளர் என்ற முறையில் மாநாட்டு ஏற்பாடுகளில் அப்பாதுரைக்கு முக்கிய பங்கு இருந்தது.

மாநாட்டின் செயல்முறை ஆய்வுக் கருத்தரங்கின் முறையை ஒத்திருந்தது. விடுதலை இயக்கங்கள், இனச் சிக்கல்களும் குடிபெயர்வும், பொருளாதார வளர்ச்சி, பண்பாடு, பெண்கள் நிலை ஆகிய பொருள்களில் கட்டுரைகள் முன்னரே தயாரிக்கப்பட்டன. பேராளர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து விவாதித்தனர். ஒவ்வொரு குழுவின் அறிக்கையும் பொது அமர்வில் வைக்கப்பட்டது. ஒரு நாட்டின் உள்நாட்டு அரசியலைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றுவது தவிர்க்கப்பட்டது.

எனினும் கருத்து வேறுபாடுகள் எழாமல் இல்லை. திபெத்துக் குழு தனியாகப் பங்கேற்றதைச் சீனக் குழு எதிர்த்தது. பாலத்தீன யூதக் குழுவின் பங்கேற்பு அரபு நாட்டினரிடையே மறுப்பைத் தோற்றுவித்தது. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் பேராளர்கள், தம் நாடுகளில் குடியேறிய இந்தியர்களின் எண்ணிக்கையும் பொருளாதார வலிமையும் குறித்த அச்சத்தை வெளிப்படுத்தினர். இவ்வச்சம் பின்னாளில் அந்நாடுகளில் வாழ்ந்த தமிழர்களின் வாழ்வைப் பெரிதும் பாதித்தது. அடுத்த மாநாடு 1949 ஆம் ஆண்டில் சீனாவில் நடைபெறும் எனத் திட்டமிடப்பட்டது, ஆனால் நடைபெறவில்லை. மாநாட்டு நடவடிக்கைகளின் விரிவான அறிக்கை 1948 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. 1979 ஆம் ஆண்டில் அப்பாதுரை இம்மாநாட்டை மறுமதிப்பீடு செய்து ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் எழுதினார்.

பன்னாட்டு ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளி

இந்தியா விடுதலை பெற்றபின் பல நாடுகளில் தூதரகங்களைத் திறந்தது. ஆனால் அந்நாடுகளின் மொழியும் வரலாறும் அரசியலும் அறிந்த வல்லுநர்கள் மிகச் சிலரே இருந்தனர். அண்டை நாடுகளைப் பற்றிய ஆய்வுகளுக்குக்கூட இலண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவந்த நூல்களையே நம்பியிருக்க வேண்டிய நிலை இருந்தது. இந்நிலையை மாற்றுவதற்காகப் பேரவை 1955 அக்டோபரில் பன்னாட்டு ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளியை நிறுவியது. தில்லி பாரகம்பா சாலையில் அவ்வாண்டு திறக்கப்பட்ட சாப்ரு இல்லத்தில் பள்ளி இயங்கியது. அப்பாதுரை அதன் முதல் இயக்குநர் ஆனார்.

பள்ளி முதலில் தில்லிப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. 1961 ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. முனைவர் பட்ட ஆய்வே இதன் முதன்மைப் பணி. உலகப் பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறைகளும், பன்னாட்டு அரசியல், பன்னாட்டுச் சட்டம், பன்னாட்டுப் பொருளியல் ஆகியவற்றுக்கான துறைகளும் அமைந்தன. எம். எசு. இராசன், பிமல் பிரசாத், பன்னாட்டுச் சட்ட அறிஞர் ஆர். பி. ஆனந்து ஆகியோர் இங்குப் பணியாற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். 1959 சூலையில் "இன்டர்நேசனல் சுடடீசு" என்னும் ஆய்விதழ் தொடங்கப்பட்டது.

ஆய்வுக் கருத்தரங்கு முறை

பன்னாட்டு ஆய்வுகளுக்கான பட்டமேற்படிப்பில் ஆய்வுக் கருத்தரங்கு மையமான இடம் பெறுகிறது. இதில் ஆய்வாளர் தம் தலைப்பில் கட்டுரை ஒன்றைத் தயாரித்து, உடன் பயில்வோர் முன்பும் ஆசிரியர் முன்பும் வைத்து, வினாக்களுக்கு விடை கூறுகிறார். தேர்வில் ஒருவர் அறிந்தவை மட்டுமே சோதிக்கப்படுகின்றன. கருத்தரங்கிலோ அவர் அதை எவ்வாறு அறிந்தார் என்பதும் சோதிக்கப்படுகிறது.

கட்டுரைத் தயாரிப்பு பொதுவாகப் பின்வரும் படிநிலைகளைக் கொண்டது. முதலில் பரந்த தலைப்பு, விடை காணக்கூடிய ஒரு வினாவாகச் சுருக்கப்படுகிறது. அடுத்து அவ்வினாவைப் பற்றி முன்னர் எழுதப்பட்டவை தொகுத்து ஆராயப்படுகின்றன. பின்னர் ஒப்பந்தங்கள், நாடாளுமன்ற விவாதங்கள், அரசு அறிக்கைகள் போன்ற முதல்நிலைச் சான்றுகள் திரட்டப்படுகின்றன. இறுதியாக ஆய்வாளரின் வாதமும் அதற்கு எதிரான சான்றுகளும் ஒருங்கே எழுதப்படுகின்றன. கட்டுரை அமர்வுக்கு முன்னரே சுற்றுக்கு விடப்படுவது வழக்கம். ஆகவே அமர்வில் முழுவதையும் படிக்காமல், வினா, சான்று, முடிவு ஆகியவற்றை மட்டும் சுருக்கிக் கூறினால் போதுமானது. எஞ்சிய நேரம் விவாதத்துக்கு உரியது.

எடுத்துக்காட்டாக, 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமாவோ-சாத்திரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். இவ்வொப்பந்தம் 9,75,000 பேரைக் கருத்திற்கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. இதனைப் பற்றி எழுதும் மாணவர், ஒப்பந்த வாசகத்தை மட்டும் சுருக்கிக் கூறினால் அது செய்தித் தொகுப்பாகவே அமையும். இந்திய அரசு நேருவின் காலத்தில் ஏற்க மறுத்த ஒரு நிலைப்பாட்டை அவர் மறைந்த சில மாதங்களில் ஏற்றது ஏன் என்று கேட்டால் அது ஆய்வு வினா ஆகும். அதற்கு விடை காண இந்திய நாடாளுமன்ற விவாதங்களுடன் இலங்கை நாடாளுமன்ற விவாதங்களும், தமிழக அரசியல் தலைவர்களின் நிலைப்பாடுகளும், தோட்டத் தொழிற்சங்கங்களின் ஆவணங்களும் தேவைப்படும். ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாக இடம்பெற்ற மக்களின் கருத்து கேட்கப்பட்டதா என்ற வினாவையும் கருத்தரங்கில் எவரேனும் எழுப்பக்கூடும். அதற்கும் சான்றுடன் விடை கூறுவது ஆய்வாளரின் கடமை.

பகுதி ஆய்வுகளில் அந்தந்தப் பகுதியின் மொழியைக் கற்பதும் களப்பயணம் மேற்கொள்வதும் இன்றியமையாதவை. அப்பாதுரை தலைமையேற்ற பள்ளியின் பயிற்சியிலும் இவை இடம்பெற்றன. கல்வெட்டின் மொழி அறியாதவர் இடைக்காலப் பொருளாதாரத்தை எழுத இயலாதது போலவே, சீன மொழியோ அரபு மொழியோ அறியாதவர் அந்நாடுகளின் அரசியலைப் பிறர் வழியாகவே அறிய இயலும்.

1962 ஆம் ஆண்டு இந்திய-சீனப் போர் இத்தேவையைப் பொதுமக்களுக்கும் உணர்த்தியது. பல்கலைக்கழக மானியக் குழு 1963-64 அளவில் பகுதி ஆய்வுகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வுகளுக்கான மையம் 1964 ஆம் ஆண்டில் அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளுக்கான மையமும் பின்னர் உருவானது.

பிற்காலப் பணிகள்

அப்பாதுரை 1964 ஆம் ஆண்டு வரை இயக்குநராக இருந்தார். அவருக்குப் பின் எம். எசு. இராசன் பொறுப்பேற்றார். 1970 ஆம் ஆண்டில் பள்ளி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது.

ஓய்வுக்குப் பின்னரும் அப்பாதுரை தொடர்ந்து எழுதினார். நவுரோசி முதல் நேரு வரையிலான இந்திய அரசியல் சிந்தனை பற்றிய நூல் 1971 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நவீன இந்திய அரசியல் சிந்தனை தொடர்பான மூல ஆவணங்களை 1970களில் இரு தொகுதிகளாகத் தொகுத்தார். 1981 ஆம் ஆண்டில் வெளியான நூலில், 1947 முதல் 1972 வரையிலான இந்திய வெளியுறவுக் கொள்கைக்கு உள்நாட்டுச் சூழலே வேராக அமைந்ததை ஆராய்ந்தார். அதே காலப்பகுதிக்குரிய வெளியுறவு ஆவணங்களின் தொகுப்பு 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. இராசனுடன் இணைந்து எழுதிய இந்திய வெளியுறவுக் கொள்கை பற்றிய நூலும் 1985 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெளியுறவு அமைச்சகக் கோப்புகள் ஆய்வாளருக்கு எளிதில் கிடைக்காத அக்காலத்தில், இத்தொகுப்புகள் தில்லிக்கு வெளியே பயின்ற மாணவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டன.

மதிப்பீடு

அப்பாதுரையின் தலைமுறை உருவாக்கிய ஆய்வு மரபு மீது விமரிசனங்களும் உண்டு. பகுதி ஆய்வுகளுக்கு அளிக்கப்பட்ட முதன்மை கோட்பாட்டு ஆய்வை வளரவிடவில்லை என்பது அவற்றுள் ஒன்று. ஆய்வுகள் பெரும்பாலும் அன்றைய அரசின் வெளியுறவுக் கொள்கையை விளக்குவதோடு நின்றன என்பது மற்றொன்று. உயர் ஆய்வு தில்லியிலேயே குவிந்தமையால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பின்தங்கின என்றும் கூறப்படுகிறது. தமிழ்நாட்டின் ஊர்ப்புறக் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி ஆங்கிலத்தில் விவாதிக்கும் கருத்தரங்கு இன்றும் ஒரு தடையாகவே உள்ளது.

தன்னாட்சியுடன் இயங்கவேண்டும் என்ற நிறுவுநர்களின் நோக்கமும் முழுமையாக நிலைபெறவில்லை. பள்ளி பிரிந்து சென்றபின் பேரவை நிதி நெருக்கடியிலும் நிருவாகச் சீர்கேட்டிலும் தளர்ந்தது. 2001 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது நடுவண் அரசின் பொறுப்பில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது.

இருப்பினும் ஆய்வுக் கருத்தரங்கு முறை நிலைத்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நீக்கின. எனினும் முனைவர் பட்ட ஆய்வாளர் பாடநெறிகளை முடிப்பதும், ஆய்வின் முன்னேற்றத்தை ஆலோசனைக் குழு முன் எடுத்துரைப்பதும், ஆய்வேட்டை அளிக்கும் முன் அனைவருக்கும் முன்பாக அதனை விளக்குவதும் கட்டாயமாகவே உள்ளன. சான்றை முன்வைத்து வினாவை எதிர்கொள்ளும் இம்முறையை இந்தியாவில் பன்னாட்டு உறவுகள் துறைக்குரியதாக ஆக்கியதில் சென்னைக் கல்லூரி ஆசிரியராகத் தொடங்கிய அப்பாதுரைக்கு முக்கிய இடம் உண்டு.